டி3 குரல்வளைப் புற்று: குரல்வளை தங்கினால் ஆளும் தங்குவாரா? பத்தாண்டுக் கணக்கைப் பற்றி

#1 – ஏட்டுக்கணக்கு

கீமோவையும் கரண்டையும் (கதிர்வீச்சு) ஒரே நேரத்தில் கொடுத்துக் குரல்வளையை அறுத்தெடுக்காமல் காப்பாற்றுவதுதான் டி3 நிலைக்கு இன்று வழக்கம். அதற்குப் பெரிய ஆதாரம் ஆர்டிஓஜி என்ற அமெரிக்கக் கதிர்வீச்சு ஆய்வுக் குழுவின் 91-11 ஆய்வு. 2003-இல் முதல் முடிவு வந்தபோது எல்லோரும் பிடித்துக்கொண்டது ஒரே எண்ணை. இரண்டாண்டு முடிவில் குரல்வளை தங்கியது, சேர்த்துக் கொடுத்த பிரிவில் 88%. முதலில் கீமோ, பிறகு கரண்ட் என்ற பிரிவில் 75%. வெறும் கரண்டில் 70%.

2013-இல் பத்தாண்டுக் கணக்கு வந்தது. குரல்வளை தங்கியது, அதே வரிசையில், 82, 68, 64. இதிலும் சேர்த்துக் கொடுத்ததுதான் மேலே. ஆள் உயிரோடு தங்கியது எவ்வளவு? சேர்த்துக் கொடுத்ததில் 28%, முதலில் கீமோவில் 39%, வெறும் கரண்டில் 32%.

முதலிரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை, பி மதிப்பு 0.08. ஆகவே "சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் குறையும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். என்னை உறுத்துவது அதே கட்டுரையில் இருக்கும் இன்னொரு வரி. குரல்வளைப் புற்றின் கணக்கிலோ சிகிச்சையின் கணக்கிலோ எழுதப்படாத சாவுகள், சேர்த்துக் கொடுத்த பிரிவில் 30.8%, மற்ற இரண்டில் 20.8%, 16.9%. புற்று அடங்கியிருக்கிறது, ஆள் வேறு எதிலோ போகிறார். அந்த "வேறு எது" என்பதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. அறுவை, கரண்ட், மருந்து, விழுங்கல் என்று அவரவர் பக்கத்திலிருந்து எழுதுங்கள்.

#2 – குரல்நாண்

நல்ல கேள்வி சார். எண்ணுக்குப் போகுமுன் ஒன்று: டி3 என்பது ஒரு மூட்டை. குரல் நாண் அசையாமல் நின்றாலும் டி3, நாண் அசைந்துகொண்டே நாணுக்குப் பக்கவாட்டு இடைவெளியிலோ குரல்வளை மூடிக்கு முன்னுள்ள கொழுப்பிலோ புற்று இறங்கியிருந்தாலும் டி3, தைராய்டு குருத்தெலும்பின் உள் ஓட்டுப் பரப்பை மட்டும் அரித்திருந்தாலும் டி3. வெளி ஓட்டுப் பரப்பையும் துளைத்துவிட்டால் டி4ஏ. இத்தனையையும் ஒரே பெயரில் போட்டு "டி3-க்கு என்ன செய்யலாம்" என்று கேட்டால் பதில் குழப்பமாகத்தான் வரும்.

எண்டோஸ்கோப்பியில் பார்க்கும்போது நாண் மட்டும் அசையவில்லையா, அரிட்டினாய்டும் (நாணின் பின்முனை சேரும் சிறு குருத்தெலும்பு) சேர்ந்து அசையவில்லையா என்று தனித்தனியாக எழுத வேண்டும். நாண் நின்று அரிட்டினாய்டு அசைந்தால் பெரும்பாலும் கட்டியின் பருமனும் தசைக்குள் இறங்கியதும்தான் காரணம். இரண்டுமே நின்றால் மூட்டு வரை போயிருக்க வாய்ப்பு அதிகம். கரண்டுக்கு அது சரியாக மசியாது, பகுதியளவு அறுவைக்கும் இடமில்லை. "நாண் அசைவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடும் அறிக்கைகளால் பலனில்லை.

சிடி எடுப்பதாக இருந்தால் பயாப்சிக்கு முன்னால் எடுங்கள். பயாப்சிக்குப் பின் வரும் வீக்கத்தைக் கட்டி என்று படித்துவிடுவார்கள். குருத்தெலும்பு வயதாக ஆகத் திட்டுத் திட்டாக எலும்பாவதால் சிடியில் அரிப்பு போலவே தோன்றும். சந்தேகம் நின்றால் எம்ஆர்ஐ.

பயாப்சி "புற்று இல்லை" என்று வந்தாலும் கண்ணுக்குக் கட்டி தெரிந்தால் மறுபடி, ஆழமாக எடுக்க வேண்டும். ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1887-இல் எடுத்த துணுக்குகளில், திசு ஆய்வில் பேர்பெற்ற விர்ச்சோவ் போன்றவரே புற்றைக் காணவில்லை. 1888-இல் 99 நாள் ஆண்டுவிட்டு அவர் இறந்தது குரல்வளைப் புற்றில்தான்.

#3 – கதிர்மேசை

கரண்ட் பக்கத்தை நான் எழுதிவிடுகிறேன்.

டி3-க்கு 70 கிரே (கதிர் அளவின் அலகு), 35 தவணை, வாரம் 5 நாள், ஆக 7 வாரம். கழுத்தில் நெறிக்கட்டி இல்லாவிட்டாலும் இருபுறமும் கழுத்து நெறிகளின் இரண்டு முதல் நான்காம் மட்டம் வரை 50 முதல் 56 கிரே போகும். நாணுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஆறாம் மட்டமும் சேரும்.

ஒப்பிட்டுப் பார்க்க டி1: நாண் ஒன்றில் மட்டும் உள்ள கட்டி. கழுத்து நெறிகளுக்குக் கரண்ட் தேவையே இல்லை, நாணில் நிணநாளங்கள் அவ்வளவு குறைவு. சுமார் 5-க்கு 5 சென்டிமீட்டர் சதுரம் போதும். தவணைக்கு 2.25 கிரே வீதம் 28 தவணையில் 63 கிரே. ஜப்பானில் 2006-இல் வெளியான யமசாக்கி குழுவின் ஆய்வில் தவணைக்கு 2 கிரே வைத்தவர்களுக்கு ஐந்தாண்டில் அந்த இடத்தில் கட்டுப்பாடு 77%, 2.25 வைத்தவர்களுக்கு 92%. தவணையைக் கொஞ்சம் பெரிதாக்கி மொத்த நாட்களைச் சுருக்கியதற்கே இந்தப் பலன்.

ஆகவே நாள்தான் முக்கியம். ஒரு நாள் தள்ளிப்போனால் கட்டுப்பாட்டில் ஏறத்தாழ 1 முதல் 1.4 சதவீதம் போகும் என்பது பொதுக் கணக்கு. பொங்கல் வாரத்தில் மூன்று நாள் விடுமுறை, அடுத்த வாரம் மெஷின் ரிப்பேர் இரண்டு நாள், அதற்கடுத்து நோயாளி சோர்ந்துபோய் இரண்டு நாள் வரவில்லை என்றால் ஒரு வாரம் காலி. ஈடுகட்ட வழி உண்டு. சனிக்கிழமை வைக்கலாம், அல்லது ஒரே நாளில் இரண்டு தவணை, நடுவே குறைந்தது 6 மணி நேரம். "கடைசியில் இரண்டு தவணை கூட்டிக் கொடுத்துக்கொள்ளலாம்" என்பது சரியான ஈடு ஆகாது. நாட்கள் நீண்டதும் புற்று மீண்டும் வளரத் தொடங்கியிருக்கும்.

தவறு நடக்கும் இன்னொரு இடம், தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்கும் மாஸ்க். நாலாவது வாரத்துக்குள் எடை 10 சதவீதம் போல இறங்கினால் மாஸ்க் தளரும், கழுத்து உள்ளே ஆடும். மறுபடி சிடி எடுத்துத் திட்டத்தைப் புதிதாகப் போட வேண்டும். தளர்ந்த மாஸ்க்கில் டேப் ஒட்டிச் சமாளிப்பதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒல்லிக் கழுத்துக்காரர்களுக்கு இரு நாண்களும் முன்னால் சேரும் இடம் தோலுக்கு மிக அருகில் இருக்கும். இன்றைய மெஷினான 6 எம்வி லினாக்கின் கதிரின் உச்ச அளவு தோலிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளேதான் வரும். பழைய கோபால்ட் மெஷினில் அரை சென்டிமீட்டர். பழைய மெஷினில் தானாகக் கிடைத்தது புதிய மெஷினில் கிடைக்காது என்பது இங்கேதான். முன்பக்கம் போலஸ் (தோல்மேல் வைக்கும், திசு போன்ற பட்டை) வைக்காவிட்டால் அந்த மூலையில் அளவு குறையும், திரும்பி வருவதும் அங்கேதான்.

#4 – மருந்தளவு

கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினை ஆர்டிஓஜி ஆய்வில் கொடுத்தது, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம், 1, 22, 43-ஆம் நாட்களில். மூன்றாவது ஊசி வரை தாங்குபவர்கள் குறைவு. மொத்தம் 200 சேர்ந்தால் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். வாரம் ஒருமுறை 40 என்பது இப்போது பரவலாக நடக்கிறது. வாரம் 30 வேறு கதை: மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 300 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வில் இரண்டாண்டுக் கட்டுப்பாடு மூன்று வார முறைக்கு 73%, வாரம் 30-க்கு 58.5%. அவர்களில் பெரும்பாலோர் அறுவைக்குப் பின் கரண்ட் வைத்த வாய்ப்புற்று நோயாளிகள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் 30 போதும் என்று சொல்ல அதன்பின் மனம் வராது.

கொடுக்கும் முன் பார்ப்பவை: கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 50-க்குக் கீழே என்றால் சிஸ்பிளாட்டின் இல்லை. கிரியாட்டினின் 1.1 என்று பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 45 கிலோ எடையும் 70 வயதும் உள்ளவருக்கு அதே 1.1-இல் கிளியரன்ஸ் 40 தான் வரும். காது கேட்கும் சோதனை ஒன்று கையில் இருக்க வேண்டும். கைகால் மரத்துப்போதல் முன்பே உண்டா என்றும் கேளுங்கள்.

கொடுக்கும் நாளில் நார்மல் சலைன் ஒரு லிட்டர், அதில் பொட்டாசியம் 20 மில்லி ஈக்குவலண்ட், மக்னீசியம் சல்ஃபேட் 1 முதல் 2 கிராம், இரண்டு மணி நேரத்தில். சிறுநீர் மணிக்கு 100 மில்லி போகிறதா என்று அளந்துவிட்டுத்தான் மருந்து. பிறகு இன்னொரு லிட்டர். வாந்திக்கு நான்கும் வேண்டும்: அப்ரிபிட்டன்ட், ஓலன்சப்பின், டெக்சாமெத்தசோன், பலோனோசெட்ரான் வகையில் ஒன்று. மூன்றாம் நாள் வாந்தியில் தண்ணீர் இறங்காமல் சிறுநீரகம் கெட்டு வருபவர்கள்தான் அதிகம்.

நம்மூரில் இன்னொரு வினை. தொண்டை எரிகிறது என்று பக்கத்துக் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவார்கள், காய்ச்சலுக்கு அமிக்காசின் போடுவார்கள். சிஸ்பிளாட்டினோடு இரண்டுமே சிறுநீரகத்துக்கு நேரடி அடி, அமிக்காசின் காதுக்கும் சேர்த்து. "வலி ஊசி போடக்கூடாது" என்று நோயாளியின் நோட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பில் எழுதுவது வீண்வேலை இல்லை.

சிஸ்பிளாட்டின் முடியாதவர்களுக்கு டோசிடாக்சல் சதுர மீட்டருக்கு 15 மில்லிகிராம், வாரம் ஒருமுறை, கரண்டோடு. இதுவும் டாடாவின் ஆய்வு, 2023-இல் வெளிவந்தது. வெறும் கரண்டில் இரண்டாண்டு உயிர்வாழ்வு 41.7%, டோசிடாக்சல் சேர்த்தால் 50.8%. வாய்ப்புண் கூடும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஏட்டுக்கணக்கு சாரின் கேள்விக்கு என் பக்கத்துப் பதில்: மருந்தின் நேரடி நச்சு பத்தாண்டு கழித்து ஆளைக் கொல்வதாகத் தெரியவில்லை. தொண்டையில் அது விட்டுச்செல்வதுதான் சந்தேகத்துக்குரியது. மிடறு வந்து சொல்லட்டும்.

#5 – மிடறு

கூப்பிட்டதற்கு நன்றி. 30.8 சதவீதத்தில் புரையேற்றத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை, ஆகவே நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நடப்பது இது: கரண்டும் கீமோவும் சேர்ந்தால் தொண்டைத் தசைகள் நாராகும். குரல்வளை மேலே எழும்புவது குறையும். மூடி முழுதாக மடங்காது. உணர்ச்சியும் மங்கும். ஆகவே உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. சத்தமில்லாத புரையேற்றம். வருடத்துக்கு இரண்டு முறை "சளிக் காய்ச்சல்" என்று வார்டில் சேர்ந்து, ஒருநாள் நிமோனியாவில் போய்விடுவார். இறப்புச் சான்றிதழில் புற்று என்ற சொல்லே இருக்காது.

கரண்ட் தொடங்கும் முன்பே பயிற்சி தொடங்க வேண்டும், முடிந்தபின் அல்ல. நான்கு பயிற்சி:

மெண்டல்சன்: எச்சில் விழுங்கும்போது தொண்டைமுடிச்சு மேலே போகும். அதை அங்கேயே 2, 3 விநாடி பிடித்துவைத்துவிட்டு விட வேண்டும்.
மசாக்கோ: நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையே வைத்துக்கொண்டு வெறும் எச்சிலை விழுங்குவது. உணவோடு ஒருபோதும் செய்யக்கூடாது.
அழுத்தி விழுங்கல்: பெரிய மாத்திரையை விழுங்குவது போல எல்லாத் தசையையும் இறுக்கி.
ஷேக்கர்: தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோள் எழாமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் பிடிப்பது மூன்று முறை, பிறகு பிடிக்காமல் தூக்கி இறக்குவது 30. நாளுக்கு மூன்று வேளை. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

எதைச் சாப்பிடுவது என்பதில்தான் வீட்டில் தவறு நடக்கிறது. "திடமாக வேண்டாம், தண்ணீராகக் கொடு" என்று நினைக்கிறார்கள். தண்ணீர்தான் முதலில் மூச்சுக்குழாயில் இறங்கும். அதைவிட மோசம் ரசம் சாதம்: ரசம் ஓடிவிடும், சோறு வாயிலேயே நிற்கும், ஒரே வாயில் இரண்டு வேகம். தேங்காய்த் துருவல், பொரி, நிலக்கடலை, உதிரியாக வடித்த சோறு எல்லாம் தொண்டைச் சுவரில் ஒட்டி நின்று பிறகு விழும். கெட்டியான கஞ்சி, தயிரில் நன்றாக மசித்த குழைசாதம், சாம்பாரில் முழுக்க ஊறிய இட்லி, ரவைக் கஞ்சி சரி. முகவாயை நெஞ்சோடு சேர்த்து விழுங்கச் சொல்வது சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுக்கும். எண்டோஸ்கோப்பி வைத்தோ பேரியம் எக்ஸ்ரேயிலோ பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மூக்குக் குழாய் போட்டாலும் நாளுக்கு நாலு முறையாவது வாயால் ஏதாவது விழுங்க வேண்டும். இரண்டு வாரம் வாயே அசையாமல் விட்டால் தொண்டை மறந்துவிடும், குறுக்கமும் விழும். குழாயில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுபவர்கள் துணியில் வடிகட்டி, ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் அடைத்துக்கொள்ளும்.

#6 – ஏட்டுக்கணக்கு

"குரல்வளை தங்கியது" என்ற அளவுகோலே ஏன் போதாது என்பதை மிடறு சொல்லிவிட்டார். கழுத்தில் மூச்சு டியூபும் மூக்கில் உணவுக் குழாயும் உள்ளவரையும் ஆர்டிஓஜி கணக்கு "தங்கியது" என்றுதான் சேர்க்கும். எடுக்கவில்லை, அவ்வளவுதான். 2009-இல் நிபுணர் குழு ஒன்று இதை மாற்றச் சொன்னது: உயிரோடு இருக்க வேண்டும், புற்று அங்கே திரும்பியிருக்கக் கூடாது, குரல்வளை உள்ளே இருக்க வேண்டும், இரண்டாண்டு கழித்தும் டியூபோ உணவுக் குழாயோ இருக்கக் கூடாது. எல்லாம் சேர்ந்தால்தான் வெற்றி.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் பழைய வெட்டரன்ஸ் ஆய்வையும் நினைவில் வையுங்கள். 1991, 332 பேர். முழுதாக எடுத்துக் கரண்ட் வைத்தவர்கள், கீமோவுக்குப் பின் கரண்ட் வைத்தவர்கள் இருவருக்கும் இரண்டாண்டு உயிர்வாழ்வு ஒரே 68%. இரண்டாவது பிரிவில் 64 சதவீதத்தினருக்குக் குரல்வளை தங்கியது. ஆனால் டி4 நோயாளிகளில் 56 சதவீதத்தினருக்குப் பிறகு எப்படியும் எடுக்க வேண்டிவந்தது. ஆர்டிஓஜியில் குருத்தெலும்பைத் துளைத்த பெரிய டி4-ஐச் சேர்க்காமல் விட்டதற்கு இதுதான் காரணம். அந்த முடிவை டி4ஏ-வுக்கு நீட்டிப் பேசுவது தவறு. அமெரிக்கப் பதிவேட்டை அலசி 2006-இல் வந்த கட்டுரை, 1980-களின் நடுவிலிருந்து 1990-களின் நடுவரை அறுவை குறைந்து கீமோ-கரண்ட் கூடிய அதே காலத்தில் குரல்வளைப் புற்றின் உயிர்வாழ்வும் குறைந்ததைக் காட்டியது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று பதிவேடு சொல்லாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

#7 – முதுகலை இரண்டாமாண்டு

குரல்நாண் சார், ஒரு சந்தேகம். முதலிலேயே எடுப்பதற்கும், கரண்ட் தோற்றபின் எடுப்பதற்கும் அறுவையில் அவ்வளவு வித்தியாசமா? "முதலில் காப்பாற்றிப் பார்ப்போம், முடியாவிட்டால் எடுப்போம்" என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்.

#8 – குரல்நாண்

வித்தியாசம் தையலில் தெரியும் தம்பி. முதல் சிகிச்சையாகவே எடுத்தால் தொண்டைத் தையல் பிரிந்து எச்சில் கழுத்துத் தோல் வழியே கசிவது ஏழில் ஒருவருக்கு. கரண்ட் வைத்தபின் எடுத்தால் நான்கில் ஒருவருக்கு மேல். கீமோவும் சேர்ந்திருந்தால் மூன்றில் ஒருவர். கசிந்த எச்சில், கழுத்தின் பெரிய இரத்தக் குழாயான கரோட்டிட் நாளத்தின் மேல் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே கரண்ட் வைத்த கழுத்தில் தையல் நன்றாக வந்தாலும் மார்புத் தசையைக் கொண்டுவந்து மேலே போர்த்துங்கள், கசிவு கணிசமாகக் குறையும். தொண்டைச் சுவர் போதாவிட்டால் இழுத்துத் தைக்காமல் திசுவைக் கொண்டுவந்து அகலப்படுத்துங்கள்.

வாயால் உணவு: கரண்ட் வைக்காதவருக்கு 7 முதல் 10 நாளில், வைத்தவருக்கு 12 முதல் 14 நாளில், முடிந்தால் தண்ணீரில் கரையும் கான்ட்ராஸ்ட் கொடுத்து எக்ஸ்ரேயில் கசிவில்லை என்று பார்த்துவிட்டு. முன்கூட்டியே அல்புமின், ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை) மூன்றும் பாருங்கள். தைராய்டு குறைந்திருந்தால் புண் ஆறாது. கரண்ட் வைத்தவர்களில் அதை யாரும் பார்ப்பதில்லை.

அறுவைக்கு முன் மூச்சு முட்டி வந்தால், முடிந்தவரை லேசரால் கட்டியைக் குறைத்து வழி செய்யுங்கள். டியூப் போட்டே தீர வேண்டும் என்றால், பின்னால் மூச்சுக்கான நிரந்தரத் துளை கழுத்தில் வரப்போகிற இடத்திலேயே போடுங்கள். எங்கோ தாழ்வாக அவசரத்தில் போட்ட டியூப் பின்னால் மூச்சுக்குழாயின் நீளத்தைத் தின்றுவிடும்.

#9 – முதுகலை இரண்டாமாண்டு

நன்றி சார். எடுத்தபின் பேச்சு? பேச்சுக்கு வைத்த வால்வு கசிகிறது என்று வருபவர்களை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

#10 – மிடறு

மூன்று வழி. கழுத்தில் அழுத்தும் மின்கருவி எளிது, ரோபோ குரல். உணவுக்குழாய்ப் பேச்சு, காற்றை விழுங்கி ஏப்பமாக வெளிவிடுவது, கருவி வேண்டாம், ஆனால் கற்க மாதங்கள் ஆகும், எல்லோருக்கும் வராது. மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சிறு துளை போட்டு ஒருவழி வால்வு. சிங்கரும் பிளாமும் 1980-இல் அறிமுகப்படுத்தியது. பேச்சில் இதுதான் சிறந்தது. பெங்களூரில் டாக்டர் விஷால் ராவ் குழு மலிவாகச் செய்த ஆம் வால்வு வந்தபின் விலையை மட்டும் காரணமாகச் சொல்வதற்கு இடம் குறைந்தது.

கசிவுக்கு: கலர் கலந்த தண்ணீர் ஒரு வாய் கொடுத்து, டார்ச் அடித்துக் கழுத்து ஓட்டைக்குள் பாருங்கள். வால்வின் நடுவே கசிந்தால் வால்வு தேய்ந்தது அல்லது பூஞ்சை படிந்தது. மாற்ற வேண்டும், பொதுவாக 3 முதல் 6 மாதம்தான் ஆயுள். ஒரு மாதத்துக்கு ஒன்று போகிறதென்றால் பூஞ்சைக்கு நிஸ்டாட்டின், தினமும் பிரஷ், சர்க்கரை நோய், நெஞ்செரிச்சல் எல்லாவற்றையும் பாருங்கள். வால்வைச் சுற்றிக் கசிந்தால் பெரிய வால்வு போடாதீர்கள், துளை இன்னும் அகலும். நீளம் அதிகமாகி உள்ளே பிஸ்டன் போல ஆடுகிறதா என்று பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். டிஎஸ்ஹெச்சும் பாருங்கள்.

வால்வு விழுந்துவிட்டால் உடனே 14 அல்லது 16 அளவு ரப்பர் குழாயைத் துளையில் செருகி ஒட்டிவைக்க வேண்டும். சில மணி நேரத்திலேயே துளை சுருங்கும். விழுந்த வால்வு கையில் இல்லையென்றால் நுரையீரலில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

வால்வு சரியாக இருந்தும் குரல் இறுகி வரவில்லையா? தொண்டைத் தசை இறுக்கம். அறுவையின்போதே தசையை வெட்டிவிட்டிருந்தால் இது குறையும். பிறகு வந்தால் போட்டாக்ஸ்.

#11 – யாழ் செவிலி

வால்வு பற்றி எல்லாரும் கதைக்கினம், மூச்சு விடுற கழுத்து ஓட்டையைப் பற்றி ஆரும் எழுதயில்லை. நான் எழுதுறன்.

மூக்கு செய்த வேலையை இனி ஒன்றும் செய்யாது. சூடும் ஈரமும் இல்லாத காற்று நேரே உள்ளே போகும், சளி காய்ந்து பொருக்காகி அடைக்கும். ஓட்டைக்கு மேலே ஈரம் பிடிக்கும் வடிகட்டி போட வேணும், ஒவ்வொரு நாளும் புதிது. அது கிடைக்காத இடத்தில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியைக் கழுத்தில் தொங்க விடலாம், சரியான மாற்றில்லை, ஒன்றுமில்லாததை விட நல்லது. நாளுக்கு நாலு முறை சலைன் நெபுலைசர், அல்லது 2, 3 மில்லி சலைனை மூச்சு இழுக்கும்போது ஓட்டைக்குள் விட்டு இரும விடுங்கோ. பொருக்கைக் காய்ந்தபடி இழுத்தால் இரத்தம் வரும், நனைத்து ஐந்து நிமிடம் விட்டு எடுங்கோ.

ஓட்டை சுருங்கத் தொடங்கினால் இரவில் மட்டுமாவது மென்மையான டியூப் போட வேணும். குளிக்கிற வாளித் தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே. கிணற்றடியில் தலைக்கு ஊத்திக் குளிக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது.

மூச்சைப் பிடித்து முக்க இயலாது, அதனால் மலச்சிக்கல் வரும், பாரம் தூக்கவும் கஷ்டம். மணம் தெரியாது, வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விடுற மாதிரித் தாடையை இறக்கினால் காற்று மூக்குக்குள்ளே போய்க் கொஞ்சம் மணம் வரும். எரிவாயு கசிஞ்சாலும் தெரியாது எண்டதால இந்தப் பயிற்சி முக்கியம்.

அவசரத்தில் ஒட்சிசன் முகத்தில் அல்ல, கழுத்தில். வாயால் ஊதினால் ஒன்றும் போகாது. இதைக் கையில் ஒரு வளையமாக எழுதிக் கட்டி விடுங்கோ.

#12 – கதிர்மேசை

அக்கா சொன்ன கடைசி வரியை எங்கள் அவசரப் பிரிவுக்கும் ஒட்ட வேண்டும்.

பின்தொடர்தல் பற்றி ஒன்றிரண்டு. முதல் ஆண்டு 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டு 2 முதல் 6, ஐந்தாண்டு வரை 4 முதல் 8, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள்தான். பெட்-சிடி 12 வாரத்துக்கு முன் எடுக்காதீர்கள், கரண்டின் அழற்சியே புற்று போல ஒளிரும். மூன்று மாதத்துக்குப் பிறகும் அரிட்டினாய்டு வீக்கம் வடியாமல் நின்றால், குறிப்பாகக் கூடிக்கொண்டே போனால், நெஞ்செரிச்சல் மாத்திரை கொடுத்து ஆறு மாதம் ஓட்டாதீர்கள்.

ஐந்தாண்டுக்குப் பிறகு ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்தக் குரல்வளை அல்ல. அதே பீடியும் அதே சாராயமும் நுரையீரலிலும் உணவுக்குழாயிலும் இதயத்திலும் வேலை செய்துகொண்டிருக்கும். டிஎஸ்ஹெச் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும். கரண்ட் பட்ட கரோட்டிட் நாளம் சுருங்கும், பிபி, சர்க்கரை, கொழுப்பு கவனம். கரண்ட் ஓடும்போதே புகைப்பவருக்குக் கட்டுப்பாடும் குறைகிறது. ஒரு வரி அறிவுரை போதாது, நிக்கோட்டின் சூயிங்கமோ பேட்சோ கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

#13 – மருந்தளவு

திரும்பி வந்து அறுவையும் முடியாதவர்களுக்கு: நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தான நிவோலுமாப், குறைந்த அளவில். 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கூடவே வாய்வழி மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப். டாடா ஆய்வில் ஓராண்டு உயிர்வாழ்வு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 16.3%, நிவோலுமாப் சேர்த்தவர்களுக்கு 43.4%. முழு அளவின் விலையில் சின்னப் பங்குதான். தலை-கழுத்துப் புற்று முழுமைக்குமான ஆய்வு அது, குரல்வளைக்கு மட்டுமானதல்ல.

#14 – முதுகலை இரண்டாமாண்டு

எல்லாம் படித்தேன். ஒரு மாதிரி நோயாளியை வைத்துக் கேட்கிறேன். வயது 68, நாணும் அரிட்டினாய்டும் அசையவில்லை, குருத்தெலும்பு வெளி ஓடு சரியாக இருக்கிறது, ஒரு பக்கம் ஒரு நெறிக்கட்டி. இரண்டு மாதத்தில் 9 கிலோ குறைந்திருக்கிறார், தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கிளியரன்ஸ் 45. என்ன சொல்வீர்கள்?

#15 – கதிர்மேசை

சிஸ்பிளாட்டின் இல்லை. கீமோ சேர்ப்பதால் வரும் பலனும் வயதோடு குறையும், 70-ஐத் தாண்டினால் அநேகமாகத் தென்படுவதில்லை. டோசிடாக்சலோடு கரண்ட் வைக்க முடியும். ஆனால் ஏற்கெனவே புரையேறும் குரல்வளை கரண்டால் சரியாகப் போவதில்லை. காப்பாற்ற அங்கே என்ன இருக்கிறது?

#16 – மிடறு

அவசரப்படாதீர்கள். புரையேறுவது நாண் நிற்பதாலா, கட்டி மறைப்பதாலா, வெறும் பலவீனத்தாலா என்று எண்டோஸ்கோப்பி வைத்து ஒருமுறை விழுங்கவிட்டுப் பாருங்கள். கெட்டியாகக் கொடுத்ததும் நின்றுவிட்டால் கதை வேறு.

#17 – குரல்நாண்

பார்க்கலாம், ஆனால் இரண்டும் நின்று 9 கிலோவும் போனவருக்கு என் கை அறுவைக்குத்தான் போகும். முழு நீக்கம், இருபுறக் கழுத்து நெறிகளும், ஆறு வாரத்துக்குள் கரண்ட். அதற்கு முன் ஒரு பத்து நாள் மூக்குக் குழாயில் ஊட்டம். பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே முழு கலோரி கொடுத்து இரத்தத்தில் பாஸ்பேட்டைக் கவிழ்த்துவிடாதீர்கள். தயமின் கொடுத்து, மெதுவாக ஏற்றுங்கள். வெட்டிய ஓரம் சுத்தமில்லை அல்லது புற்று நெறியின் உறையைத் தாண்டியிருக்கிறது என்று வந்தால் 66 கிரே, கூட மருந்து எது என்று மறுபடி பேசலாம். கையெழுத்து வாங்கும் முன், ஏற்கெனவே எடுத்து வால்வோடு பேசுபவர் ஒருவரை அவருக்குக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.

#18 – யாழ் செவிலி

இன்னொரு விசயம் தம்பி. அறுவைக்கு முதல் நாளே அவருக்கு எழுத வாசிக்கத் தெரியுமோ எண்டு கேளுங்கோ. தெரியாட்டி, நோகுது, தண்ணி, சளி எடு, படுக்கையை உயர்த்து, மனிசியைக் கூப்பிடு எண்டு படம் போட்ட மட்டை ஒன்று தயாராக இருக்க வேணும். தெரிஞ்சால் சிலேட்டும், தலைமாட்டில் ஒரு மணியும். எந்தக் கையால் எழுதுறவர் எண்டும் கேட்டுக் குறிச்சு வையுங்கோ. அந்தக் கையில் கனுலா போடக் கூடாது.